கத்தரிப்பூ நூல் வழக்கு

"கதவைச் சாத்து அருளு! ஒருத்தரும் வெளிய போவக்கூடாது."

பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு இரண்டு தறி வைத்திருக்கும் தனசேகரனுக்கு, இந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. வாரத்துக்கு நாலு துப்பறியும் நாவல் படிக்கிறவர்.

காணாமல் போனது ஒரு சாண் பட்டு நூல். கத்தரிப்பூ நிறம். கல்யாணப் புடவை இதே கலரில் வேண்டும் என்று பெண் வீட்டார் கொடுத்துவிட்டுப் போன மாதிரி நூல். நாலு மணிக்குச் சாயக்காரர் வந்துவிடுவார். மாதிரி இல்லாவிட்டால் சாயம் இல்லை, புடவையும் இல்லை.

"போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி தேவகி.

"போன்ல ஊதாவா தெரியுது. நீ பேசாத. பாதி படிச்ச நாவலைக் கெடு முடிஞ்சிடுச்சின்னு காலையில லைப்ரரியில குடுத்துட்டு வந்தவதானே நீ? கொலகாரன் யாருன்னு தெரியாம எனக்கு சோறு எறங்கல."

நூலும் அந்த நாவலும் கடைசியாக இருந்த அலமாரியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். தறி நெய்யும் அருளின் நகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி பத்து மணிக்கு எங்க இருந்த?"

"வூட்ல படுத்துக்கினு இருந்தேன்ணா."

"சாட்சி?"

"எம் பொண்டாட்டி."

"அவ உன் பக்கம்தான் பேசுவா."

அருள் இடது கைக்காரன் என்பதையும் குறித்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

பிறகு சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "யார் மேல சந்தேகமே வரலியோ, அவங்கதான் ஆளு. எல்லா நாவல்லயும் அதான்!"

மூலையில் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சுகாசினி பக்கம் திரும்பினார்.

"எத்தினி வருஷமா இங்க வேலை செய்யற?"

"பதினோரு வருஷம்ணா."

"ஒரு தடவையாவது ஒரு இழை காணாம போயிருக்குதா?"

"இல்லண்ணா."

"பாத்தியா தேவகி! பதினோரு வருஷம் திருடாம இருந்திருக்குது. எவ்ளோ பெரிய திட்டம்!"

எதிர்த்தெருத் தறிக்காரர் ஆனந்தராஜிடம் சுகாசினி அந்தக் கலரை விற்றுவிட்டாள் என்று அங்கேயே தீர்ப்பும் ஆனது.

"நாளைலேருந்து வேலைக்கு வராதம்மா."

சுகாசினிக்கு முகம் செத்துவிட்டது. அந்த ராட்டினம் சுற்றினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனாலும் அழவில்லை. காலியாகக் கிடந்த அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அரை மணி நேரம் டைம் குடுங்கண்ணா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

"தப்பிச்சிட்டா!" என்றார் தனசேகரன், ரொம்பச் சந்தோஷமாக.

மூணே முக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். நேரே ராட்டினத்துக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் கத்தரிப்பூ நூல்.

"இங்கதான் கெடந்திருக்குது. நாந்தான் கவனிக்கல. மன்னிச்சிடுங்கண்ணா."

"நான் சொல்லல? விசாரிக்கிற விதத்துல விசாரிச்சா உண்மை தானா வெளிய வரும்!" தனசேகரன் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, போனாப் போவுது. வேலைல இரு."

சாயக்காரர் வந்து நூலை வாங்கிப் போனார். தேவகி டீ போட உள்ளே போனாள். அருள் தறியில் உட்கார்ந்துவிட்டான்.

சுகாசினி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மெல்ல தனசேகரனிடம் நீட்டினாள். காலையில் போன அதே நாவல்.

"என் கார்டுல எடுத்தாந்தேன்ணா. நீங்க எப்பவும் கையில கெடைக்கிற நூலத்தானே பக்கத்துக்கு அடையாளம் வெப்பீங்க. எழுபத்தி மூணாம் பக்கத்துல இருந்துச்சி."

தனசேகரனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்புறம் ஏம்மா... ராட்டினத்துக்கு அடியில இருந்துச்சின்னு சொன்ன?"

"புத்தகத்துல இருந்துச்சின்னா, அண்ணி இனிமே உங்கள படிக்கவே வுட மாட்டாங்களே."

ராட்டினத்தின் முன்னால் போய் உட்கார்ந்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"லைப்ரரியிலயே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன்ணா. சொல்லிடறேன், உங்களுக்கு சோறு எறங்கட்டும். கொலகாரரு, அந்தத் துப்பறியறவரேதான்."