நூறு அம்மா

“சான்” என்று எழுதி, பக்கத்தில் 100 என்று போட்டாள்.

மகன் சர்வேஷுக்கு ஏழு வயது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மூக்கால் சொல்லுடா என்றாள். சளி பிடித்தவன் மாதிரி சொன்னான். அப்போது சரியாக வந்தது.

பிள்ளைகள் இருவருக்கும் டி.சி. வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. அடுத்த மாதம் விசா வந்துவிடும், மூன்று பேரும் பாரீசுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று சொன்னவன் அவள் கணவன். அந்த அடுத்த மாதம் இன்னும் வந்த பாடில்லை. அதுவரை காரைக்கால் வீட்டுக் கூடம்தான் பள்ளிக்கூடம். அவளேதான் டீச்சர்.

டீச்சருக்கே பிரெஞ்சு தெரியாது. யாரிடமோ கேட்டு வாங்கிய பழைய புத்தகம் ஒன்று. பிள்ளைகளைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அதற்கே நாக்குத் தள்ளியது.

மத்தியானம் பாரீசிலிருந்து அவன் வீடியோவில் வந்தான். சர்வேஷ் நூறு வரை ஒப்பித்தான். பன்னிரண்டு வயது வர்ஷினி விசாவைப் பற்றிக் கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான்.

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ கேட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னான். இரண்டு பிள்ளைகள் என்றது அவளுக்குப் புரிந்தது. ஒரு பெருமைகூட வந்தது.

“சான் மமான்” என்று முடித்தான்.

திரும்பி, வீட்டுக்காரம்மா என்று சிரித்தான். யாரென்று யாரும் கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

சர்வேஷுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அம்மா, அப்பா நூறு அம்மான்னு சொல்றாங்க. சான்னா நூறுதானேம்மா?”

அவள் நாளைய பாடத்தைக் காலையிலேயே படித்திருந்தாள். கடையில் காப்பி கேட்கிற பாடம். அதிலும் ஒரு சான் உண்டு. எழுத்து வேறு, உச்சரிப்பு இதேதான். சர்க்கரை இல்லாமல் காப்பி வேண்டுமென்றால் அந்தச் சானைச் சொல்ல வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் என்றதோடு சான் மமானைச் சேர்த்துப் பார்த்தாள்.

திரும்ப அழைக்கலாம். அழைத்து என்ன கேட்பது? எந்த பாஷையில் கேட்பது? பேப்பரெல்லாம் அவன் கையில். பள்ளிக்கூடமும் போயிற்று.

தான் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று புத்தகத்தைப் புரட்டினாள்.

காப்பிப் பாடம் வந்தது. சான் என்ற சொல்லுக்கு நேராக, பென்சிலில், ‘இல்லாமல்’ என்று எழுதியிருந்தது.

காலையில் அது இல்லை. அவள் எழுதவில்லை. வர்ஷினியின் கையெழுத்து.

சர்வேஷ் மறுபடியும் கேட்டான்.

“நூறுதான்டா” என்றாள் வர்ஷினி. அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.