கன்னியம்மா புரட்டிய பக்கம்

"எங்க வூட்டுக்காரர் பேரு இருக்குதான்னு பாரு தம்பி."

யுத்தம் முடிந்து பத்து வருஷமாக, நீலசந்திராவிலிருந்து காக்ஸ் டவுனுக்கு மலாயாவுக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடி இதே கேள்வியோடு வந்துகொண்டிருந்தாள் கன்னியம்மா. மலாயாவிலிருந்த தமிழர்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனபோது, அவர்களில் ஒருவனான ஜெயவேலுவுக்குப் பதினைந்து வயது. கண்ணெதிரே செத்தவர்களையெல்லாம் தேதியோடும் கடைசி நேரத்தில் நடந்ததோடும் டைரியில் எழுதி வைத்திருந்தான். திதி கொடுக்க நாள் தெரியாதவர்கள் இன்றும் அவனைத் தேடி வருகிறார்கள்.

வழக்கம்போல் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. எங்கனா நல்லா இருப்பாரு" என்றான்.

"இந்தத் தபா நானே பாக்கறேன், குடு. ஸ்கூல்ல ஆயா வேலைல்ல? புள்ளைங்களோட குந்திக்கினு நானும் எழுத்து கத்துக்கினேன்."

ஜெயவேலு டைரியைக் கொடுத்தான்.

எழுத்துக் கூட்டிக்கொண்டே போன விரல் ஒரு பக்கத்தில் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு டைரியை மூடினாள்.

"நீ சொன்னது சரிதான் தம்பி. அவரு பேரு இல்ல."

ஜெயவேலுவுக்கு மூச்சு வந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"சாவற நேரத்துல அவரு தண்ணி கேட்டப்போ, உன் பங்குத் தண்ணியக் குடுத்தியே... நீ நல்லா இருக்கணும் ராசா."