பதினெட்டு மாவுச் சாக்குகள்

காலை நடை முடிந்து, பின்பக்கக் குழாயில் கால் கழுவ வந்த சர்வேயர் கழுவாமல் அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே வெறும் கம்பி வலை வேலிதான் இருந்தது. இப்போது அதன்மேல் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை காலி மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கழி நட்டு, வேலியைவிட ஓரடி உயரமாகக் கட்டியிருந்தார்கள். பதினெட்டு சாக்கு. ஒவ்வொன்றிலும் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று சிவப்பு எழுத்து, இவரைப் பார்த்தபடி.

"இங்க வா," என்று மனைவியை அழைத்தார். "பேக்கரிக்காரன் செஞ்சிருக்கிற வேலையைப் பாரு."

"பார்த்தேன். நேத்து நீங்க சங்கத்துக்குப் போயிருந்தப்ப கட்டினாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சாக்குதானே."

இத்தனைக்கும் சர்வேயர் எட்டிப் பார்க்கிற ஆள் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் ஊர் நிலத்தை அளந்த கண். பேக்கரிக்காரர் வீட்டுக் கொடியில் எத்தனை துணி, அவர் மாமியார் வந்து எத்தனை நாள், புது வாஷிங் மெஷினை எந்த மூலையில் வைத்தார்கள் என்பதெல்லாம் பல் விளக்குகிற நேரத்தில் தானாகக் கண்ணில் படுகிற சங்கதிகள். அதற்குப் போய் மறைப்பு கட்டுவார்களா?

"நம்மளைத் திருடங்கன்னு சொல்லாம சொல்றான்."

"அவங்க வேலி, அவங்க சாக்கு. இந்த ஒரு வாரமாவது விடுங்களேன்."

"இந்த வாரம் சாக்கு. அடுத்த வாரம் சுவர். அதுக்கடுத்த வாரம் நம்ம நிலத்துல அரை அடி. நான் பார்க்காத வேலிச் சண்டையா?"

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான். பின்பக்க வேலி ஐந்தடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி எழுதியவரும் அவரே. அளவு நாடாவைத் தேடி எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? டீ ஆறுது."

"ஆறட்டும். உன் பையன் எழுந்துட்டானா?"

"எழுந்துட்டான்."

"எழுந்து என்ன பண்ணப் போறான்? இந்தத் தடவை இன்டர்வியூலயாவது கேட்ட கேள்விக்கு வாயைத் திறப்பானா, இல்ல போன தடவை மாதிரி மரம் போல உட்கார்ந்துட்டு வருவானா?"

பட்டம் வாங்கி இரண்டு வருடமாக மகனுக்கு வேலை இல்லை. ஆனால் தெருவில் யாருக்கும் அது தெரியாது. 'பையன் பெரிய கம்பெனி. வீட்டுல இருந்தே வேலை. தலை தூக்க நேரமில்ல' என்று சர்வேயரே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார்.

மனைவி டீயை மூடி வைத்தாள்.

பேக்கரிக்காரர் அப்போதுதான் முதல் ஈடு ரொட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். புருவத்தில்கூட மாவு.

"வாங்க சார், உட்காருங்க."

"உட்காரறது இருக்கட்டும். என்னப்பா இது?"

"சாக்கு சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"சும்மா, ஒரு மறைப்புக்கு."

"எங்க கண்ணுல படக்கூடாதுன்னு மறைக்கிற அளவுக்கு உன் வீட்டுல என்னப்பா இருக்கு?"

பேக்கரிக்காரர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே சார்."

சர்வேயருக்கு அதுவும் திமிராகத்தான் பட்டது. நேரே பின்பக்கம் போய், நாடாவை இழுத்து வேலியில் பிடித்தார். "ஆறடி ரெண்டங்குலம். விதி அஞ்சடி. சாயந்திரத்துக்குள்ள அவிழ்க்கணும். இல்லேன்னா சங்கத்துல வெச்சு நோட்டீஸ் விடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"அஞ்சடிக்கு இறக்கினா தலை தெரியுமே சார்."

"யார் தலை?"

பேக்கரிக்காரர் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலையும் இறக்கினார்.

"நீங்க நடக்கப் போனதும் தம்பி பின்பக்கம் வருவாரு சார். சட்டையை உள்ள விட்டு, டை கட்டிட்டு. தண்ணித் தொட்டிக்கு ஒரு குட் மார்னிங் சொல்லிட்டு, கவுத்த பக்கெட்டு மேல உட்கார்ந்து பேசிப் பழகுவாரு. இன்டர்வியூவுக்கு. ஆரம்பத்துல திக்கும். போகப் போக நல்லாவே வருது."

நாடா சர்வேயரின் கையிலிருந்து நழுவி, சர்ரென்று பெட்டிக்குள் சுருண்டது.

"எங்க சமையலறை ஜன்னல் நேர் எதிர்ல. எங்க வீட்டு ஆள் யாராவது தலையைக் காட்டினா போதும், பாதி வார்த்தையில நிறுத்திட்டு உள்ள போயிடுவாரு. போன வாரம் ரெண்டு நாள் வரவே இல்ல. நம்மளால அந்தப் பிள்ளையோட பேச்சு நின்னு போகக் கூடாதுன்னு என் வீட்டுக்காரிதான் உட்கார்ந்து தைச்சா. சுவர் எழுப்ப வசதியில்ல சார். சாக்கு பேக்கரியில சும்மாதான் கிடக்குது."

சர்வேயர் நாடாப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வியாழக்கிழமை இன்டர்வியூன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. அதுவரைக்குமாவது இருக்கட்டுமே. மத்தபடி நீங்க கவலைப்படாதீங்க சார். தெருவுல யார் கேட்டாலும், தம்பி பெரிய கம்பெனின்னுதான் நாங்களும் சொல்லிட்டு இருக்கோம்."

சர்வேயர் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். தன் வீட்டுக் குழாய்க்கு நேரான மூலையில் வந்து நின்றார். அங்கே கம்பி வலை கையகலத்துக்குத் தெரிந்தது.

"இந்த மூலையில ஒண்ணு குறையுதுப்பா," என்றார். "இன்னொரு சாக்கு இருக்குமா?"