வியாழக்கிழமை விஜயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஆசகேல் அந்தக் குளிர்காலத்தில் வியாழன்தோறும் விதவை டார்காஸ் வீட்டுக்குப் போய்வந்தார்.

"அங்க என்ன வேலை?" என்றாள் மனைவி லோயிஸ்.

"சட்டசபை வேலைதான்."

"பொம்பளைக்கு ஓட்டே கிடையாது. அவகிட்ட என்ன சட்டசபை வேலை?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவளும் பனியில் பின்னாலேயே போய், தட்டாமலே கதவைத் திறந்தாள்.

டார்காஸ் எதிரே உட்கார்ந்திருக்க, ஆசகேல் அரிச்சுவடியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

லோயிஸ் திகைத்தாள். "தினம் பைபிள் வாசிப்பீங்களே?"

"அத்தனையும் மனப்பாடம். சட்டசபையில குமாஸ்தா மசோதாவை வாசிக்கிறதைக் கேட்டுத்தான் கை தூக்குவேன். போன வருஷம் அவன் ஒரு பத்தியை வேணும்னே விட்டுட்டான். பதினோரு குடும்பத்துக்கு நிலம் போச்சு."

லோயிஸ் சால்வையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்காஸைப் பார்த்தாள்.

"முதல்லேர்ந்து ஆரம்பிங்க. எனக்கும் படிக்கத் தெரியாது."