பத்து நாளில் பதினோரு ஊர்

சபாபதி எழுதிய ஐரோப்பாப் பயணத் திட்டத்தைப் பார்த்து ரப்பருக்குத் தலை சுற்றியது. பத்தே நாளில் பதினோரு ஊர்!

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அது பென்சிலிடம் பாய்ந்தது. "இன்றைக்குப் பாரிஸ், விடிந்தால் வெனிஸ். மனுஷன் எங்கேதான் உட்காருவார்? நாலு ஊரை அழித்துவிடுகிறேன். ஒரு சாயங்காலமாவது நிதானமாகக் காபி குடிக்கட்டும்."

"அழிக்காதே. உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும்."

"எந்த நாற்காலி?"

"தை மாதம் இந்தத் தாளின் தலைப்பில் 'சபாபதி, கோமளவல்லி' என்று எழுதினேன். போன வாரம் அதில் ஒரு பெயரை நீதானே அழித்தாய்?"

ரப்பரின் விளிம்பில் அந்தப் பெயரின் கரி இன்னும் ஒட்டியிருந்தது. அது மெல்ல விலகி, பன்னிரண்டாவது ஊருக்கு இடம் விட்டது.