சிவப்பு மூடி

இந்தத் தடவையும் செல்கள் சாகவில்லை.

ஆராய்ச்சி மாணவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். தட்டு நிறையப் புற்றுநோய்ச் செல்கள், கொழுகொழுவென்று. கழுத்து வலித்தது. அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவளுடைய மருந்து குறிவைத்தது ஒரே ஒரு நொதியை. செல்லுக்குக் கொழுப்பு அமிலம் கட்டித் தருகிற நொதி. அதற்குள்ளே பல அறைகள், நடுவில் ஆடும் ஒரு நீளக் கை. வளர்கிற சங்கிலியைப் பிடித்த பிடி விடாமல் அந்தக் கை அறை அறையாக அலையும். சுற்றுக்கு இரண்டு கரியணு கூடும். பதினாறு சேர்ந்ததும் கடைசி அறை சங்கிலியை வெட்டி விட்டுவிடும். அந்த ஓயாத உழைப்பில்தான் இந்தப் புற்று பெருகுகிறது.

மருந்து நொதியை முடக்கிவிட்டது. அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. பிறகு கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

இதுவும் தோற்றால் ஆராய்ச்சியை மூடிவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

செல்களுக்குத் தீனி மாற்ற ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்தார். ஆய்வகத்தில் செல் வளர்ப்பது அவர் பொறுப்பு. கைராசிக்காரர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

கையில் சிவப்பு மூடி போட்ட பாட்டில்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்களுக்குத் தீனியாக ஊற்றும் சீரத்தில், கொழுப்பு நீக்கியதற்கு நீல மூடி. சிவப்பு மூடியில் இருப்பது கொழுப்பு நீக்காதது. வெளியிலிருந்து சோறு வந்துகொண்டிருந்தால், அடுப்பை அணைத்து யாரைப் பட்டினி போடுவது?

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

“நீல மூடின்னு எத்தனை தடவை சொன்னேன்! மறந்துட்டீங்களாண்ணா?”

அண்ணன் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

“மறக்கலம்மா. இந்தச் செல்லுங்கள எடுத்த கட்டிய ஆஸ்பத்திரியிலேர்ந்து ஐஸ் பெட்டியில தூக்கிட்டு வந்ததே நான்தான். என் சம்சாரத்தோடது. அவளக் கொன்னது இதுதான்னு தெரியும். ஆனா, அவளோடதுன்னு உசுரோட மிச்சம் இருக்கிறதும் இது மட்டும்தானே.”

நீல மூடிப் பாட்டிலை எடுக்கக் குளிர்பெட்டி வரை போனவள், கதவைத் திறக்காமல் நின்றாள்.