நான்காவது ஆள்

கால்கள் முடங்கியதிலிருந்து, தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த மூன்று பேரையும் அந்த முன்னாள் லாரி டிரைவர் திட்டியே விரட்டிவிட்டார். நான்காவதாக ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தான். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து அவன் சம்பளத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

"அனுபவம் இருக்கா?"

"இல்லீங்க. ஆனா பதமா தூக்கி உட்கார வைப்பேன்."

"நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?" பெரியவர் சிரித்துவிட்டார். "ஆள் அனுப்பின ஏஜென்சிக்குக் கொடுத்த அதே சம்பளம். லாரி வித்த பணம் பேங்க்ல சும்மாதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு இங்க தலை காட்டக் கூடாது."

"அது முடியாதுங்க."

"ஏன்?"

"என் பொண்டாட்டி பிள்ளைங்க இங்கதானே இருக்காங்க, மாமா."

அடுக்களையிலிருந்து மகள் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னப்பா இது? மாப்பிள்ளைக்கே சம்பளமா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"யாருக்கோ கொடுத்தா சம்பளம், இவருக்குக் கொடுத்தா தர்மமா? சும்மா செய்ய வச்சா, ஒரு வாய் தண்ணி கேட்கவே எனக்குக் கூச்சமா இருக்கும்மா."

மாப்பிள்ளை எழுந்து நின்றான். "எனக்குச் சம்மதம், மாமா."

"அப்ப வேலையை ஆரம்பிங்க. பாத்ரூம் போகணும்னு அப்போலேர்ந்து அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

சிரித்தபடியே அவரை அணைத்துத் தூக்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலைக்குக் கிளம்புகிறவனின் மிடுக்கு அவன் நடையில் இருந்தது. மகள் முந்திப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.